‘இதுதான் கடைசி’ என்று வாங்கும் கைபேசி மகிழ்ச்சி தருமா? – வாசகர் கேள்விக்கு ஆலோசனை

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 32 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கைக்கு வரும் மாதச் சம்பளம் 68,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். கடந்த சில ஆண்டுகளில் இவர் 1,24,000 ரூபாய்க்கு ஒரு கைபேசியும், லென்ஸோடு சேர்த்து 1,42,000 ரூபாய்க்கு ஒரு கேமராவும், 54,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் கன்சோலும், இவை போக ஸ்மார்ட் வாட்ச், ஹெட்போன் என்று பலவும் வாங்கியிருக்கிறார். மூன்று தவணைகளுக்குமாக மாதம் 19,500 ரூபாய் போகிறது. கிரெடிட் கார்டில் 84,000 ரூபாய் நிலுவை நிற்கிறது. மாதாமாதம் ‘மினிமம் டியூ’ எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறார். பணம் புரளாத ஒரு மாதத்தில், மனைவிக்குத் தெரியாமல் கடன் செயலி ஒன்றில் 60,000 ரூபாய் வாங்கி, அதற்கு மாதம் 6,200 ரூபாய் கட்டுகிறார்.

வாங்கும் பொருள் எதையும் இவர் வீட்டுக்குள் வைத்துப் பிரிப்பதில்லை. இரவில் மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எரியும் விளக்கு வெளிச்சத்தில் தனியாகப் பிரிக்கிறார். “திரைமேல் ஒட்டியிருக்கும் தாளை மெல்ல உரிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும் வாங்குகிறேனோ என்று சில நேரம் தோன்றுகிறது” என்று எழுதியிருக்கிறார். சென்ற போகிக்குப் பரணை ஒழித்த மனைவி, அங்கே 11 காலிப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் அவற்றைத் துடைத்து மறுபடியும் அடுக்கிவிட்டு, இரவில் “இது ஒரு நோய்” என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது 1,65,000 ரூபாய் விலையுள்ள மடக்குக் கைபேசி ஒன்றை வாங்க நினைக்கிறார். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 45,000 ரூபாய் குறையும்; மீதி 1,20,000 ரூபாய்க்கு ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ கிடைக்கிறது, சலுகை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. “நான் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் எனக்குப் பிடித்ததை வாங்குவது தவறா? இதிலாவது நிற்கிற மகிழ்ச்சி கிடைக்குமா? இல்லை, மனைவி சொல்வதுபோல் எனக்கு நோய்தானா? இதுதான் கடைசி என்று எனக்கே நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிச் சென்ற இரண்டு வரிகளிலிருந்து தொடங்குகிறேன். எந்தப் பொருளும் முதல் கீறல் விழும்வரைதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பில் உங்கள் நண்பன், தான் புதிதாக வாங்கிய கைபேசியைத் தொடப்போன உங்கள் கையைத் தட்டிவிட்டு, “வேண்டாம்டா, கீறல் விழுந்துடும்” என்று எல்லார் முன்னாலும் சொன்னதைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுகிறது. ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்த ஒருவரின் மகனாக அன்று நீங்கள் பட்ட அவமானம், கீறல் இல்லாத பொருள் ஒவ்வொன்றையும் இப்போது உங்கள் கையில் கொண்டுவந்து வைக்கிறது என்றே நினைக்கிறேன்.

சின்ன வயதில் கிடைக்காததையெல்லாம் வாங்கி முடித்துவிட்டால் ஆசை தானாக அடங்கிவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அன்று உங்களுக்குக் கிடைக்காமல் போனது கைபேசி என்றால் அது நடந்திருக்க வேண்டும். உங்களுடைய முதல் கைபேசியோடே அடங்கியிருக்க வேண்டும். கிடைக்காமல் போனது மரியாதை. அதைக் கடையில் வாங்க முடியாத காரணத்தால்தான் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

மகிழ்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்று நம் வீடுகளில் திருமணத்தை வைத்துச் சொல்லும் பழமொழி, புதிய பொருளுக்கு அப்படியே பொருந்தும். எந்த நல்ல மாற்றத்துக்கும் மனம் பழகிப்போய்த் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் இந்த இயல்பை, எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே நிற்க வைக்கும் டிரெட்மில்லுக்கு ஒப்பிட்டு, ஃபிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971இல் எழுதினார்கள். ஆகவே, வாங்கிய பிறகு உற்சாகம் வடிந்துவிடுவது உங்களுடைய தனிப்பட்ட குறை என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அது மனித மனத்தின் பொதுவான அமைப்பு.

உங்கள் விஷயத்தில் இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. நுகர்வோர் மனப்போக்கை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் மார்ஷா ரிச்சின்ஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களின்மீது மிகுந்த நாட்டம் உள்ளவர்களுக்கு வாங்குவதற்கு முன்னால்தான் மகிழ்ச்சி உச்சத்தில் இருக்கிறது என்றும், கைக்கு வந்தபின் அது இறங்கிவிடுகிறது என்றும் கண்டார். இந்தப் பொருள் வந்தால் தன் வாழ்க்கை மாறும், பிறர் தன்னைப் பார்க்கும் பார்வை மாறும் என்ற எதிர்பார்ப்புதான் அந்த முன்மகிழ்ச்சியின் ஊற்று. உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விமர்சன வீடியோக்களைப் பார்த்த இரவுகளைப் பற்றியும், ‘உங்கள் பொருள் இன்று வந்து சேரும்’ என்ற குறுஞ்செய்தியைப் பற்றியும், மொட்டை மாடி விளக்கைப் பற்றியும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொருள்களை வைத்து என்ன செய்தீர்கள் என்பதற்கு ஐந்து வரிகூட இல்லை.

மூளையில் சுரக்கும் வேதிப்பொருளைக் குறிப்பிட்டு, ‘டோபமைன் தீர்ந்துபோய்விடுகிறது’ என்று இதற்கு ஒரு காரணமும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சற்றுத் திருத்த வேண்டும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளிடம் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், ஒரு சைகை காட்டி அதன்பின் சில துளிப் பழச்சாறு கொடுத்துப் பழக்கினார். முதலில் சாறு கிடைத்தபோது துடித்த டோபமைன் நரம்பணுக்கள், பழகியபின் சைகைக்கே துடித்தன. எதிர்பார்த்த சாறு வந்தபோது எந்தச் சலனமும் இல்லை. எதிர்பார்த்து வராவிட்டாலோ, வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. டோபமைனை மகிழ்ச்சி தரும் திரவம் என்று எண்ணுவதைவிட, ‘வரப்போகிறது’ என்று தட்டி எழுப்பும் குரல் என்று எண்ணுவது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். குறுஞ்செய்தி வரும்போது அது எழுகிறது. பெட்டியைத் திறந்து முடித்ததும் அதற்கு வேலை இல்லை. ஆகவே மடக்குக் கைபேசியிலாவது நிற்கிற மகிழ்ச்சி கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு, நீங்கள் இதுவரை வாங்கிய முறையில் வாங்கினால் கிடைக்காது என்பதே என் பதில்.

இதைப் படித்துவிட்டு, பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்ற முடிவுக்கும் போய்விடாதீர்கள். ஸ்வீடனில் பெரிய லாட்டரிப் பரிசு பெற்றவர்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், தம் வாழ்க்கையைப் பற்றிய அவர்களுடைய மனநிறைவு பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயர்ந்தே இருந்தது தெரியவந்தது. தம் பண நிலைமை குறித்து அவர்களுக்கு ஏற்பட்ட நிறைவு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கடன் தலைக்குமேல் இல்லை என்ற நிம்மதிக்கு மனம் அவ்வளவு சீக்கிரம் பழகிப்போவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் ஒவ்வொரு தவணையிலும் கொடுத்துவருவது அந்த நிம்மதியைத்தான்.

கடிதத்தில் ஓரிடத்தில், 2021இல் அம்மாவுக்கு 17,500 ரூபாயில் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு, ‘அது கணக்கில் சேராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கணக்கில் முதலில் சேர வேண்டியது அதுதான். முழங்கால் வலியோடு துவைகல் முன்னால் குனிந்து நின்றவர், இன்றும் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் “மெஷின் ஓடிட்டிருக்கு சாமி, நான் உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்வதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எலிசபெத் டன் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் ஒரு சோதனையில், காலையில் சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து, ஒரு பகுதியினரைத் தங்களுக்கும் மற்றவர்களைப் பிறருக்கும் மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். தொகை எதுவாயினும், பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். உங்களிடம் உள்ள பொருள்களில் கீறல் விழுந்தும் மதிப்புக் குறையாத ஒன்று அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறது.

தவணைக் கணக்கு

நான் கணக்காளர் அல்ல. ஆனால் கடன் சுமையோடு வருபவர்களிடம் முதலில் அவர்களுடைய கடன் தாள்களைத்தான் எடுத்து வரச் சொல்வேன். மனத்தின் பாரத்தில் ஒரு பெரும் பகுதி அந்தத் தாள்களில் இருக்கும்.

*எக்ஸ்சேஞ்ச்.* பழைய கைபேசிக்கு 45,000 ரூபாய் கிடைப்பதாக மகிழ்கிறீர்கள். அதற்கு இன்னும் 5 தவணை, அதாவது 29,500 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. கையைவிட்டுப் போன பொருளுக்கு ஐந்து மாதம் பணம் கட்டப்போகிறீர்கள். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 15,500 ரூபாய்.

*‘நோ காஸ்ட்’.* பணத்தைக் கடனாகக் கொடுக்கும் எவரும் வட்டி இல்லாமல் கொடுப்பதில்லை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு எழுதியது. வட்டியைத் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் கழிக்கிறார்கள். வங்கியின் கணக்கில் வட்டி இருக்கவே செய்கிறது, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. 1,20,000 ரூபாயை 10,000 வீதம் 12 மாதம் கட்டும்போது, வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று கொண்டால், வரி மட்டும் சுமார் 1,650 ரூபாய் வரும். செயலாக்கக் கட்டணம் தனி.

*செயலிக் கடன்.* ‘ஆண்டுக்கு 24 சதவீதம்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அசல் குறையவே குறையாததுபோல் போடப்படும் வட்டிக் கணக்கு. 60,000 ரூபாய்க்கு மாதம் 6,200 வீதம் 12 மாதம் கட்டினால், குறைந்துவரும் அசலுக்கு உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 42 சதவீதம். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்கும் தனிநபருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் செயலியில் கே.எஃப்.எஸ். என்ற பெயரில் அது இருக்கும். முன்கூட்டியே கடனை முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அதிலேயே பாருங்கள்.

*கிரெடிட் கார்டு.* மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 84,000 ரூபாய்க்கு வட்டியும் வரியுமாகச் சுமார் 3,470 ரூபாய் வரும். நீங்கள் கட்டும் 4,200 ரூபாயில் அசல் குறைவது 730 ரூபாய் அளவுக்குத்தான். இப்படி நிலுவை நிற்கும்வரை, புதிதாக வாங்கும் காய்கறிக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். அந்த அட்டையை இன்றே அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

புதிய கைபேசியையும் சேர்த்தால் தவணைகள் 35,700 ரூபாய். சம்பளத்தில் பாதிக்கும் மேல். கார்டுக்கு 4,200 ரூபாயும் வாடகை 13,000 ரூபாயும் போனால் உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது 15,100 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். இல்லாத அவசரத்தை உண்டாக்கி வாங்க வைப்பது, 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்த 13 முறையற்ற வணிக உத்திகளில் ஒன்று. இந்தச் சலுகை போனால் அடுத்த பண்டிகைக்கு வேறொன்று வரும்.

‘இது நோயா?’

மருத்துவத்துக்கு இந்த நிலை புதிதல்ல. அடக்க முடியாமல் வாங்கிக் குவிப்பதை எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார். 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், உந்துதலை அடக்க இயலாத கோளாறுகளுள் இதற்கும் ஓர் எடுத்துக்காட்டாக இடம் இருக்கிறது. ஆயினும் நிறைய வாங்குகிறவர் எல்லாரும் நோயாளி ஆகிவிட மாட்டார். நிறுத்த முயன்றும் முடியாமல் போவது, துக்கத்தையோ கோபத்தையோ மறக்க வாங்குவது, வாங்கியதைத் தொடாமலே வைப்பது, மறைப்பது, மறைப்பதற்காகவே கடன் படுவது ஆகியவற்றை நாங்கள் பார்க்கிறோம். இவற்றில் மறைப்பதும் கடனும் உங்களிடம் தெளிவாக இருக்கின்றன. அலுவலகத்தில் மேலாளர் கடிந்துகொண்ட வாரங்களில்தான் பெரும்பாலும் ஆர்டர் போட்டிருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மனைவி சொன்ன சொல்லுக்குக் கோபப்படாமல், மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் ஒருவரை நேரில் பார்த்து மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் பேச்சுவழிச் சிகிச்சை இதற்குப் பலன் தருகிறது. நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் உரிமையும் உங்கள் பயமும்

உழைத்துச் சம்பாதித்த பணத்தைச் செலவிட உங்களுக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இப்போது நீங்கள் செலவிடுவது இனிமேல்தான் சம்பாதிக்கப்போகும் பணம், அதில் உங்கள் மகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறது. அந்த முடிவை ஒருவர் மட்டும் மொட்டை மாடியில் எடுக்க முடியாது.

தவணை தவறினால் மனைவியின் பள்ளிக்கு ஆள் அனுப்புவார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். இணை விண்ணப்பதாரராகவோ ஜாமீன்தாரராகவோ மனைவி கையெழுத்திடாதவரை உங்கள் கடனுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. உங்கள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலி எடுக்கக் கூடாது. இவை 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள். மீறினால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இப்போது என்ன செய்யலாம்

மடக்குக் கைபேசியை இப்போது வாங்க வேண்டாம். என்றைக்கும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘இதுதான் கடைசி’ போன்ற வாக்குகள் உடைவதற்கென்றே கொடுக்கப்படுகின்றன, அதனால் அதையும் கேட்க மாட்டேன். செயலிக் கடனும் கார்டு நிலுவையும் முடிந்தபின், தனிக் கணக்கில் மாதம் 10,000 ரூபாய் போட்டு வாருங்கள். முழுத்தொகை சேர்ந்த நாளிலும் ஆசை இருந்தால் வாங்குங்கள். அதற்குள் அதே கைபேசியின் விலையும் இறங்கியிருக்கும்.

கேமராவையும் விற்றுக் கடனை அடைக்கச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, உங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் புகைக்கு நடுவே பொங்கல் வைக்கும் அம்மாவை எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாக நீங்கள் எழுதியதைப் பார்த்து மனம் மாறினேன். அதை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலைகளில் மகளையும் அழைத்துக்கொண்டு வெளியே எடுத்துச் செல்லுங்கள், அவளும் தொட்டுப் பழகட்டும். நான்கு மாதமாகத் தொடாத கன்சோல், இரண்டாவது ஸ்மார்ட் வாட்ச், பயன்படுத்தாத ஹெட்போன்கள் ஆகியவற்றை விற்று, வருவதைச் செயலிக் கடனுக்குக் கட்டுங்கள். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு எல்லாம் தெரிந்து, அவராக முன்வந்தாலன்றி அந்தப் பேச்சே வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே அவரிடம் செயலிக் கடனைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மகள் தூங்கியபின், கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, கடன் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சுற்றி வளைக்காமல், தொகையை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், போகியன்று இருந்ததுபோல் பேசாமலும் இருக்கலாம். அன்றிரவே மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஏன் இப்படி என்று அவர் கேட்டால், பதினொன்றாம் வகுப்பில் உங்கள் கையைத் தட்டிவிட்ட நண்பனைப் பற்றிச் சொல்லுங்கள். திருமணமாகி ஏழு ஆண்டுகளில் அதை அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே.